தெக்கினியின் பூட்டு: ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தை மறுபடியும் பார்த்தல்

நாங்கள் முதலில் பார்த்தது ‘சந்திரமுகி’தான். எங்கட வயதுக்காரர் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். 2005இல் படம் வெளிவந்தபோது எங்களுக்கு இரண்டு, மூன்று வயது. பிறகு பொங்கல், தீபாவளி எண்டு டிவியில போய்க்கொண்டே இருந்தது. கரண்ட் போனால் யாராவது ஒருத்தர் கண்ணை உருட்டிக்கொண்டு வர, மற்ற ஆக்கள் கத்திக்கொண்டு ஓடுவம். எங்கட சின்ன வயதில் பேய்க்கு இருந்த முகம் ஜோதிகாவின் முகம்தான்.

அது ஒரு மலையாளப் படத்தின் மறுஆக்கம் எண்டு கம்பஸுக்கு வந்த பிறகுதான் அறிஞ்சம். 2024 ஆகஸ்டில் அந்த மூலப்படமான ‘மணிச்சித்திரத்தாழ்’ 4கே தரத்துக்குப் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் தியேட்டர்களுக்கு வந்தது. அந்தப் பேச்சில் ஆர்வம் வந்து, நாங்கள் நாலு பேர் போர்டிங் அறையில ஒரு லெப்டொப்பைச் சுற்றியிருந்து பார்த்தம். முதல் தரம் கதைக்காகப் பார்த்தம். இரண்டாம் தரம் கொப்பியும் பேனையுமாகப் பார்த்தம். வரலாறு படிக்கிற ஆக்களுக்கு இது ஒரு வருத்தம். மூன்றாம் தரம் பார்க்கேக்க, எங்களுக்கே வெட்கமான ஒரு விசயம் ஞாபகம் வந்தது. அதைக் கடைசியில சொல்றம்.

படம் பார்க்காத ஆக்களுக்கு ஒரு எச்சரிக்கை: முடிவு உட்பட எல்லாத்தையும் இங்க கதைக்கப் போறம்.

பேய் வராத பேய்ப்படம்

1993 டிசம்பரில் வெளிவந்த படம். இயக்கம் ஃபாசில். திரைக்கதை மது முட்டம். வேலையைக் கெதியாக முடிக்க வேண்டியிருந்ததால் பிரியதர்ஷன், சித்திக்-லால், சிபி மலயில் போன்ற இயக்குநர்களும் இரண்டாம் அணிகளாகப் பிரிந்து காட்சிகளை எடுத்துக் கொடுத்தார்கள். இத்தனை கைகள் பட்ட படம் எண்டு பார்க்கேக்க கொஞ்சமும் தெரியாது.

கல்கத்தாவில் இருந்து நகுலனும் மனைவி கங்காவும் ஊருக்கு வருகிறார்கள். நகுலனின் குடும்பத்துக்குச் சொந்தமான மாடம்பள்ளி எண்ட பழைய பெரிய வீட்டில் தங்கப்போவதாகச் சொல்கிறார்கள். குடும்பப் பெரியவரான தம்பி வேண்டாம் என்கிறார். அந்த வீட்டின் தெற்குப் பக்கக் கட்டு, அதாவது தெக்கினி, பல தலைமுறையாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டுத்தான் மணிச்சித்திரத்தாழ். ‘தாழ்’ எண்ட சொல் எங்களுக்கும் சொந்தம், தாழ்ப்பாள் எண்டு இண்டைக்கும் சொல்றம். தஞ்சாவூரில் இருந்து கொண்டுவரப்பட்ட நாகவல்லி எண்ட நடனக்காரி, அவளைக் கொன்ற காரணவர் சங்கரன் தம்பி, அவளின் காதலன் ராமநாதன் எண்டு ஒரு பழைய கதையும் அந்தக் கதவோட சேர்ந்து கிடக்கிறது. கங்கா கள்ளச் சாவி செய்வித்துக் கதவைத் திறக்கிறாள்.

இதற்குப் பிறகு வழக்கமான பேய்ப்படம் எண்டால் வெள்ளைச் சேலை வரவேணும். இங்க ஒண்டும் வராது. பொருட்கள் உடையும், எங்கேயோ நெருப்புப் பிடிக்கும், இரவில் சலங்கைச் சத்தம் கேட்கும். மிச்ச நேரம் முழுக்க ஒரு பெரிய குடும்பம் சாப்பிடுது, சண்டை பிடிக்குது, பகிடி விடுது. நாங்கள் முதலில் ‘இது என்ன, பகிடிப் படமா?’ எண்டுதான் யோசிச்சம். பிறகுதான் விளங்கினது. அந்தப் பகிடி எங்களை அந்த வீட்டுக்குப் பழக்குகிறது. எந்தப் படியேறினால் எந்த அறை, எந்தச் சன்னலில் நிண்டால் எதிர்ப்பக்க வீடு தெரியும் எண்டு எங்களுக்கே மனப்பாடமாகிறது. வீடு பழகினபிறகுதான் அந்த வீட்டுக்குள்ள ஏதோ பிழை எண்டு உறைக்கும். பழக்கமில்லாத இடத்தில் வாற பயத்தை விட, பழகின இடத்தில் வாற பயம் கனநாள் நிற்கும்.

மோகன்லால் நடிக்கிற மனநல மருத்துவர் சன்னி கணிசமான நேரம் போனபிறகுதான் வாறார். அதுவரைக்கும் படத்தைத் தாங்குவது வீடும் ஷோபனாவும்தான். அந்த நடிப்புக்கு ஷோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. கடைசியில் தெரியவருகிற உண்மை: பேய் எண்டு ஒண்டும் இல்லை. கங்காவே, தன்னை அறியாமல், நாகவல்லியாக மாறிக்கொண்டிருக்கிறாள்.

வீடு ஆருடையது?

இந்தக் கதை ஏன் ஒரு வாடகை வீட்டில் நடக்காமல் பரம்பரை வீட்டில் நடக்கிறது? இதைத்தான் நாங்கள் கனநேரம் கதைச்சம்.

கேரளத்தில் நாயர்கள், ஈழவர்களில் ஒரு பகுதியினர் உட்படப் பல சமூகங்களில் மருமக்கத்தாயம் எண்ட முறை இருந்தது. பிள்ளைகள் தாயின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். தாய்வழியில் வந்த எல்லாரும் ஒரே தறவாட்டின் உறுப்பினர்கள். சொத்து தனி ஆளுக்கு இல்லை, தறவாட்டுக்குத்தான். அதைப் பங்கு பிரிக்கவும் ஏலாது. அந்தச் சொத்தை நிர்வகிக்கிறவர் குடும்பத்தின் மூத்த ஆண், காரணவர். தகப்பனின் சொத்து மகனுக்குப் போகாது, மாமனின் பொறுப்பு மருமகனுக்குப் போகும். வெளியில் இருந்து பார்க்கிற ஆக்கள் ‘பெண்வழிச் சொத்து, பெண்களின் ஆட்சி’ எண்டு சொல்லுவினம். வம்சம் பெண்ணின் ஊடாகப் போனது உண்மைதான். ஆனால் சாவிக்கொத்து காரணவரின் இடுப்பில்தான் தொங்கியது.

இந்த முறை ஒரே நாளில் உடையவில்லை. திருவிதாங்கூரில் 1912இலும் 1925இலும் வந்த நாயர் சட்டங்கள் அதைத் தளர்த்தின. 1925இன் சட்டத்துக்குப் பிறகு பங்கு பிரிப்பு வேகமாக நடந்தது. பிரித்தானிய ஆட்சிக்குக் கீழே இருந்த மலபாரில் 1933இல் மருமக்கத்தாயச் சட்டம் வந்தது. கடைசியாகக் கேரள சட்டசபை 1975இல் நிறைவேற்றிய கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1இல் அமலுக்கு வந்தது. இடையில் நிலச் சீர்திருத்தமும் நடந்து, பெரிய தறவாடுகளின் குத்தகை வருமானமும் நின்றுபோனது. நாலுகெட்டு வீடுகளைப் பராமரிக்கக் காசில்லை. பிள்ளைகள் பம்பாய், கல்கத்தா, வளைகுடா எண்டு போய்விட்டார்கள். வீடுகள் பூட்டப்பட்டன, சில மரத்துக்காகப் பிரித்து விற்கப்பட்டன.

கல்கத்தாவில் இருந்து வருகிற நகுலன் அந்தத் தலைமுறையின் ஆள். அவனுக்கு வீடு கிடைத்திருக்கிறது, வீட்டின் கதை கிடைக்கவில்லை. பெரியவர்களுக்குக் கதை தெரியும், ஆனால் சொல்ல மாட்டார்கள், பயப்படுவார்கள். கங்கா வெளியில் இருந்து வந்த மருமகள். அந்த வீட்டில் அவளுக்குப் பங்கும் இல்லை, பயமும் இல்லை. அதனாலதான் கதவைத் திறக்கிற ஆள் அவளாக இருக்கிறாள். திரைக்கதை எழுதிய மது முட்டத்தின் சொந்த ஊரான ஆலப்புழைப் பக்கத்து முட்டத்தில் உள்ள ஒரு பழைய தறவாட்டில் நடந்த துயரச் சம்பவம்தான் இந்தக் கதைக்கு விதை எண்டு பரவலாகச் சொல்லப்படுகிறது.

எங்களுக்கு இதெல்லாம் முழுக்க அந்நியமாக இல்லை. மட்டக்களப்புப் பக்கத்து முக்குவர் சட்டமும் தாய்வழிச் சட்டம்தான். அங்க இண்டைக்கும் கோயில் உரிமையில் தாய்வழிக் குடி முக்கியம். மருமக்கத்தாயத்துக்கும் அதுக்கும் உள்ள ஒற்றுமையை ஆய்வாளர்கள் கனகாலமாக எழுதி வருகிறார்கள். வடக்கின் தேசவழமை வேறு மாதிரி. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எண்டு சொத்தை வகை பிரிக்கும். வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். ஆனால் கலியாணம் கட்டின பெண் தன்ர சீதன வீட்டை விற்கிறது எண்டால் புருசனின் சம்மதம் வேணும். வீடு பெண்ணின் பெயரில, கையெழுத்து ஆணின் கையில. சாவிக்கொத்து காரணவரின் இடுப்பில எண்டு மேலே எழுதினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் எண்டு எங்களில ஒருத்தி கேட்டாள். ஒருத்தரிட்டையும் பதில் இருக்கேல்லை.

அந்த வீடு நிற்கிற இடம்

மாடம்பள்ளி எண்டு ஒரு வீடு இல்லை. இரண்டு அரண்மனைகளைப் படம் ஒட்டித் தைத்திருக்கிறது. ஒன்று திருப்பூணித்துறை ஹில் பலஸ், 1865இல் கட்டப்பட்ட கொச்சி அரச குடும்பத்தின் இருப்பிடம். மற்றது பத்மநாபபுரம் அரண்மனை, திருவிதாங்கூரின் பழைய தலைநகர். கறுப்பாக மின்னுகிற தரை, மரத்தூண்கள், இருண்ட நடைபாதைகள் எண்டு எங்களைப் பயப்படுத்தின கனக்க விசயம் அங்க இருந்து வந்தவை.

பத்மநாபபுரம் இருப்பது கேரளத்தில் இல்லை. தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில். ஆனால் அதைப் பராமரிப்பது கேரள அரசு. திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களில் வாழ்ந்த தமிழர்கள் தங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடினார்கள். மார்ஷல் நேசமணி அதன் முக்கிய தலைவர். 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலங்கள் உருவானபோது கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. நிலம் ஒரு பக்கம் போக, அரண்மனை மற்றப் பக்கத்தின் முதுசமாக நின்றுவிட்டது. பங்கு பிரிக்க ஏலாத வீடு எண்டால் இதுதான்.

இன்னும் பின்னால போனால், இந்த அரண்மனை இருக்கிற கல்குளமே ஒரு பரம்பரைச் சண்டையின் களம். 1729இல் மார்த்தாண்ட வர்மா ஆட்சிக்கு வந்தது மருமக்கத்தாயப்படி. முந்தைய அரசர் ராம வர்மாவின் மக்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அதை எதிர்த்தார்கள். அரசரின் பிள்ளைகளுக்கு ‘தம்பி’ எண்ட பட்டம் உண்டு, அரசுரிமை இல்லை. எட்டுவீட்டில் பிள்ளைமார் அவர்களின் பக்கம் நின்றார்கள். மார்த்தாண்ட வர்மா எல்லாரையும் ஒழித்தார். தென் திருவிதாங்கூரில் இந்தத் தம்பிமாரின் கதை, கதைப்பாடலாகத் தொடர்ந்து வாழ்ந்தது. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு மரபில் அநியாயமாகக் கொல்லப்பட்ட ஆக்கள் தெய்வமாகித் திரும்பி வருவார்கள். அரச ஆவணங்களில் வென்றவர் இருக்கிறார். தோற்றவர் பேயாகவோ தெய்வமாகவோ பாட்டில் இருக்கிறார்.

படத்தில் நாகவல்லியைக் கொன்ற காரணவரின் பெயர் சங்கரன் தம்பி. இப்போதைய குடும்பத் தலைவரின் பெயரும் தம்பி. மது முட்டம் இந்த வரலாற்றை நினைத்துத்தான் பெயர் வைத்தார் எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சுமந்த ஆக்களின் சண்டை நடந்த மண்ணில்தான் கமெராவைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

எங்கட ஊர்ப்பக்கம் ஒரு நூல் இங்கேயும் வருகிறது. மார்த்தாண்ட வர்மாவோட மோதிய ஒல்லாந்தர் கம்பனிதான் அப்ப இலங்கையின் கரையோரங்களையும் ஆண்டது. இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த வான் இம்ஹோஃப் 1739இல் கொச்சிக்குப் போய் அவரை மிரட்டிப் பார்த்தார். 1741இல் இலங்கையில் இருந்து போன ஒல்லாந்தப் படை குளச்சலில் தோற்றது. பத்மநாபபுரத்தில் இருந்து குளச்சல் தூரமில்லை. அதே கம்பனிதான் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட அதிகாரியைக் கொண்டு எங்கட தேசவழமையை எழுத்தில் தொகுத்தது. ஒரு பக்கம் படை, மற்றப் பக்கம் சட்டக் கொப்பி. முதுசம் எண்டால் என்ன எண்டு எங்களுக்கு எழுதித் தந்ததும் அவைதான்.

தஞ்சாவூரில் இருந்து வந்தவள்

எங்களில ஒருத்தருக்கும் மலையாளம் ஓடாது. சப்டைட்டிலோடதான் பார்த்தம். ஆனால் ஒரு இடத்தில் திடீரெண்டு சப்டைட்டில் தேவைப்படவில்லை. கங்கா நாகவல்லியாக மாறுகிற அந்தக் கட்டத்தில் அவள் தமிழில் கதைக்கிறாள். அறையில இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தம். படம் முழுக்க எங்களுக்கு விளங்கின ஒரே ஆள் பேய்தான்.

மலையாளப் பார்வையாளருக்கு அந்தத் தமிழ் அந்நியம். அதனால் பயம். எங்களுக்கோ பயத்துக்குப் பதிலாக ஒரு பரிதாபம் வந்தது. ஊர்விட்டு ஊர் கொண்டுவரப்பட்ட ஒரு பெண், தன்ர பாஷையில், விளங்காத ஆக்களைப் பார்த்துக் கத்துகிறாள்.

நாகவல்லி கற்பனைப் பாத்திரம். ஆனால் அவள் வந்த பாதை கற்பனை இல்லை. தஞ்சாவூர் நால்வரில் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூருக்குப் போய் சுவாதித் திருநாளின் சபையில் இருந்தார். 1829 முதல் 1846 வரை ஆண்ட அந்த அரசர் இசைக்கும் நடனத்துக்கும் பேர் போனவர். தஞ்சாவூரில் இருந்து வந்த ஒரு நடனப் பெண்ணோடு அவருக்கு இருந்த உறவைப் பற்றிக் கதைகள் இருக்கு. திருவனந்தபுரத்தில் ‘தஞ்சாவூர் அம்மவீடு’ எண்ட பெயரிலேயே ஒரு வீடு இருக்கு. அந்தக் காலத்தில் நட்டுவனாரின் பெயர் பாடப் புத்தகத்தில் நிற்கும். ஆடின பெண்களில் பெரும்பாலானவர்களின் பெயர் நிற்காது. பிறகு சீர்திருத்தக் காலம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்களின் நெடிய முயற்சிக்குப் பிறகு 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அதே காலத்தை அண்டி, சதிர் எண்ட ஆட்டம் பரதநாட்டியம் எண்ட பெயரில் வேறு வீட்டுப் பிள்ளைகளின் மேடைக்குப் போனது. நாகவல்லியாக ஆடிய ஷோபனா, திருவிதாங்கூர் சகோதரிகள் எண்டு பேர் பெற்ற லலிதா, பத்மினி, ராகினியின் மருமகள். கலை எந்தப் பாதையால் எந்த வீட்டுக்குள் வந்தது எண்டதை அந்த ஒரு உடம்பிலேயே பார்க்கலாம். இது ஷோபனாவைக் குறை சொல்றது இல்லை. அவர் அந்த ஆட்டத்துக்கு நியாயம் செய்திருக்கிறார்.

இன்னொரு விசயம் எங்களை உலுக்கினது. நாகவல்லியின் தமிழ்க் குரல் ஷோபனாவின் குரல் இல்லை. கங்காவுக்கு மலையாளத்தில் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி. கனகாலமாக நாகவல்லிக்கும் அவர்தான் குரல் எண்டுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். துர்கா எண்ட தமிழ் டப்பிங் கலைஞர்தான் அந்தப் பகுதிக்குக் குரல் கொடுத்தார் எண்டதை ஃபாசில் 2016இல்தான் வெளியே சொன்னார். 23 வருசம். தன் குரலைக் கேட்கச் செய்யப் போராடுகிற ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை. அந்தக் குரலைத் தந்த தமிழ்ப் பெண்ணின் பெயர் அவ்வளவு காலமும் தெக்கினிக்குள்ளேயே கிடந்திருக்கு.

வந்த வீடும் வாங்கின வீடும்

இதுக்குப் பிறகு ‘சந்திரமுகி’யை மறுபடி போட்டுப் பார்த்தம். இண்டைக்கும் சிரிப்பு வருது, வடிவேலு வாற இடமெல்லாம் வாய் தானாகக் கூடவே கதைக்குது. ஆனால் ஒரு பெரிய மாற்றம் இப்பதான் கண்ணில பட்டது. வேட்டையபுரம் அரண்மனையை செந்தில், அதாவது பிரபு, காசு கொடுத்து வாங்குகிறார். அது அவரின் முதுசம் இல்லை.

சின்ன மாற்றம் போல இருக்கும். ஆனால் கதையின் அத்திவாரமே மாறுது. மலையாளப் படத்தில் நாகவல்லி கொல்லத் தேடுவது நகுலனை. அவள் கண்ணுக்கு அவன்தான் சங்கரன் தம்பி. அதில் ஒரு கொடூரமான நியாயம் இருக்கு. கொலைகாரனின் வீட்டை, நிலத்தை, பெயரை வாங்கிக்கொண்ட வாரிசு அவன். சொத்து வருகிறதெண்டால் கடனும் கூடவே வரும். தமிழில் செந்திலுக்கும் வேட்டையனுக்கும் இரத்த உறவு இல்லை. பழைய கொலைக்கு இப்ப இருக்கிற ஒருத்தரும் பொறுப்பில்லை. போதாததுக்கு, வேட்டையன் வேசத்தையும் ரஜினியே போடுகிறார். நாங்கள் சின்னனில் கைதட்டினது, ஒரு பெண்ணை உயிரோடு எரித்த ஆளின் ஸ்டைலுக்கு. சந்தேகப்படுகிற பெண்ணும் மாறுகிறாள். மலையாளத்தில் அவள் அந்தக் குடும்பத்தின் மகள் ஸ்ரீதேவி. தமிழில் தோட்டக்காரரின் பேத்தி.

பேயின் மொழியும் மாறுது. மலையாளத்தில் தமிழ் நடனக்காரி. 2004இல் கன்னடத்தில் வந்த ‘ஆப்தமித்ரா’விலும் தமிழ் ‘சந்திரமுகி’யிலும் தெலுங்குக்காரி. 2007இல் இந்தியில் பிரியதர்ஷன் எடுத்த ‘பூல் புலையா’வில் வங்காளி. ஒவ்வொரு ஊரும் தன்ர பேயைப் பக்கத்து ஊரில் இருந்து எடுத்துக்கொள்ளுது. மலையாளி தமிழ்ப் பேயைப் பார்த்துப் பயப்படேக்க எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. தமிழர் தெலுங்குப் பேயைப் பார்த்துப் பயப்படேக்க நாங்கள் ஒருநாளும் அதை யோசிச்சதில்லை.

கேட்கப் போன டொக்டர்

சன்னி என்ன செய்கிறார்? வீட்டைச் சோதிக்கிறதோட நிற்கவில்லை. கங்கா வளர்ந்த ஊருக்குப் போகிறார். அவளைத் தெரிந்த ஆக்களிட்டக் கேட்கிறார். சின்ன வயதில் தாய் தகப்பன் அவளைப் பாட்டியிட்ட விட்டுட்டுக் கல்கத்தாவுக்குப் போனது, பிறகு திடீரெண்டு அவளைப் பாட்டியிட்ட இருந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு போனது, அந்தப் பிரிவில் அவள் மனம் உடைந்தது எல்லாம் அங்கதான் தெரியவருது. இதை வாய்மொழி வரலாறு எண்டு எங்கட விரிவுரையில் படிப்பிப்பார்கள். ஆவணம் இல்லாத இடத்தில், நேரில போய், இருந்து, கேட்கிறது.

மாறாக அந்தக் குடும்பம் என்ன செய்தது? ஆரையும் கேட்கவில்லை. ஆள் கையில இருந்தது, ஸ்ரீதேவி. செவ்வாய் தோசக்காரி, ஒருகாலத்தில் நகுலனுக்குப் பேசி நின்றுபோனவள், கலியாண வாழ்க்கை அமையாதவள். வீட்டில் ஏதோ நடக்குது எண்டதும் எல்லாற்ற கண்ணும் அவளிலதான். அவளை ஒரு அறைக்குள்ள பூட்டினதும் வீடு நிம்மதியாக மூச்சு விடுது. ஒரு பெண்ணைத் தெக்கினியில் பூட்டின வீட்டுக்கு இன்னொரு பெண்ணைப் பூட்டுறது பெரிய விசயமில்லை.

முடிவில் எங்களுக்கு ஒரு குறை இருக்கு. சன்னியும் மந்திரவாதத்துக்கு வந்த பிரம்மதத்தன் நம்பூதிரிப்பாடும் சேர்ந்து ஒரு நாடகம் நடத்துகிறார்கள். துர்க்காஷ்டமி இரவில், சுழலும் பலகையில் நகுலனுக்குப் பதிலாக ஒரு பொம்மையை மாற்றி, நாகவல்லியைப் பழிவாங்க விடுகிறார்கள். கங்கா சுகமாகிறாள். நல்லது. ஆனால் நாகவல்லிக்குக் கிடைத்த நீதி ஒரு பொம்மை. அவளைக் கொன்றது பிழை எண்டு அந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் வாய் திறந்து சொல்வதில்லை. கதவு திறக்கப்பட்டது, ஆனால் வழக்கு விசாரிக்கப்படவில்லை.

இனி அந்த வெட்கமான விசயம்.

நாங்கள் சாதாரண தரம் படிக்கேக்க எங்கட வகுப்பில ஒரு பிள்ளை இருந்தாள். வன்னியில் இருந்து வந்தவள். ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் நிண்டவள் திடீரெண்டு விழுந்து, எழும்பி, வேறு குரலில் கத்தினாள். என்ன சொன்னாள் எண்டு விளங்கேல்லை. விளங்கிக்கொள்ள ஒருத்தரும் முயற்சிக்கவும் இல்லை. பிறகும் இரண்டு, மூன்று தரம் அப்படி நடந்தது. கோயிலுக்குக் கொண்டுபோய் நூல் கட்டினவை எண்டு கேள்விப்பட்டம். அடுத்த கிழமை அவள் வகுப்புக்கு வரேக்க பின் வாங்கில் இருந்து ஒருத்தன் ‘சந்திரமுகி’ எண்டான். எல்லாரும் சிரிச்சம். அந்தப் பெயர் பரீட்சை முடியும் மட்டும் அவளை விடவில்லை. பிறகு அவள் உயர்தரத்துக்கு வரேல்லை.

2009இல் அவளுக்கு ஆறு வயது இருந்திருக்கும். எங்களுக்கும் அதே வயதுதான். அந்த வருசம் வன்னியில் என்ன நடந்தது எண்டு தெரியாத ஆக்கள் இல்லை நாங்கள். வரலாறு எங்களுக்கு விருப்பமான பாடம். ஆனால் பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளையிட்ட, ‘உனக்கு என்ன நடந்தது?’ எண்டு கேட்க ஒருத்தருக்கும் தோன்றேல்லை. எங்களுக்கு ஒரு பேய்ப்படத்தின் பெயர் போதுமாக இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கேக்க எங்களில ஒருத்தி விடுமுறைக்கு ஊருக்குப் போனவள், ரவுணில ஒரு புடைவைக் கடையில் அவளைக் கண்டிருக்கிறாள். அங்க வேலை செய்யிறாளாம். அவள்தான் முதலில் சிரிச்சு, ‘கம்பஸ்ல என்ன பாடம் செய்யிறியள்?’ எண்டு கேட்டிருக்கிறாள். ‘வரலாறு’ எண்டு எங்கட ஆள் சொல்ல, ‘எனக்கும் அது நல்லா ஓடும், சேர் எப்பவும் என்ர கொப்பியைத்தான் எடுத்துக் காட்டுவார், ஞாபகமிருக்கோ?’ எண்டாளாம். எங்களுக்கு அது ஞாபகம் இருக்கேல்லை. பட்டப்பெயர் மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

மன்னிப்புக் கேட்டாயா எண்டு அவளைக் கேட்டம். கடையில சனமாக இருந்தது, சொல்ல முடியேல்லை எண்டாள். அடுத்த விடுமுறைக்கு நாலு பேரும் சேர்ந்து போறதாக இருக்கிறம். அவளுக்கு விருப்பமெண்டால் அவள் சொல்லட்டும். இல்லையெண்டால், அவளின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கதைச்சுட்டு வருவம்.